பொறுத்தலும் மன்னித்தலும்: மேலவளவை முன்வைத்து

1

மதுரைப் பக்கத்துப் பேச்சில் ‘மன்னிப்பு’ என்ற சொல் அநேகமாக இல்லை. வீட்டுக்குள், தெருவில், சந்தையில் ‘பொறுத்துக்க’, ‘மனசுல வச்சுக்காத’, ‘விட்டுரு’ என்றுதான் சொல்கிறார்கள். சண்டை தீர்ந்தால் ‘ராசியாயிட்டாங்க’. மன்னிப்பு மனு எழுதுகிறவனின் சொல். மேலதிகாரியிடமிருந்து மெமோ வந்தால் பதில் எழுதும் குமாஸ்தா அதை உபயோகிக்கிறான். சினிமாவில் கதாநாயகி உபயோகிக்கிறாள். அகராதி இந்த இரண்டு சொற்களையும் ஏறக்குறைய ஒன்றாகப் பாவிக்கலாம். வழக்கு அப்படிப் பாவிக்கவில்லை. மன்னிப்பு மேலேயிருந்து கீழே இறங்கி வருகிறது. பொறுத்தல் கீழே இருப்பவனின் காரியம். அந்தச் சொல்லிலேயே ஒரு சுமை இருக்கிறது. மன்னிக்கிறவனிடம் தண்டிக்கிற சக்தி இருக்கிறது, அவன் அதை உபயோகிக்காமல் விடுகிறான். பொறுக்கிறவனிடம் அந்த சக்தி இருக்கிறதா என்று யாரும் விசாரிப்பதில்லை.

வள்ளுவர் இந்த வித்தியாசத்தை அறியாதவரல்ல. பொறையுடைமை அதிகாரத்தின் ஆரம்பத்தில், தன்னைத் தோண்டுகிறவர்களையே தாங்கிக்கொண்டிருக்கும் நிலத்தைக் காட்டுகிறார். பள்ளிக்கூடச் சுவர்களில் எழுதப்படுவது அது. வெகுளாமை அதிகாரத்தை அவர் வேறு இடத்திலிருந்து தொடங்குகிறார். கோபம் செல்லுபடியாகிற இடத்தில் அதைத் தடுத்துக்கொள்கிறவனே தடுத்துக்கொண்டவன். செல்லுபடியாகாத இடத்தில் தடுத்தால் என்ன, தடுக்காவிட்டால் என்ன என்று சற்று அலட்சியமாகவே கேட்டுவிட்டுப் போகிறார். நம் ஒழுக்கப் பேச்சு முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டது. நிலத்தைப் போலப் பொறு என்ற உபதேசம் நம் ஊர்களில் நிலமில்லாதவர்களுக்கே அதிகம் சொல்லப்பட்டு வந்திருக்கிறது.

இன்று அந்த உபதேசம் வேறு உடையில் வருகிறது. மன்னித்துவிடு, பயத்தை உதறிவிடு, உன் மனம் ஆறிவிடும் என்று வாரப் பத்திரிகைகளின் ஆலோசனைப் பக்கங்களும், விடிந்ததும் அலைபேசியில் வந்து விழும் வாசகங்களும் சொல்கின்றன. மன்னிப்பு உன்னைக் காயப்படுத்தியவனுக்காக அல்ல, உனக்காக என்று ஒரு விளக்கமும் கூடவே வரும். இதை நான் பரிகசிக்க விரும்பவில்லை. வன்மத்தை வைத்துக்கொண்டு வாழ்கிறவன் தன்னைத்தானே தின்றுகொள்கிறான் என்பதில் அனுபவ உண்மை இருக்கிறது. எனக்குள்ள சந்தேகம் வேறு. இந்தப் போதனை மூன்று காரியங்களையும் — மன்னிப்பு, அச்சம் நீங்குதல், மனம் ஆறுதல் — ஒரே மனிதனின் ஒரே உள்ளறையில் நடக்கிற விஷயங்களாக வைத்துக்கொள்கிறது. காயப்படுத்தியவன் அந்த அறையில் இல்லை. ஊர் இல்லை. அரசாங்கம் இல்லை. இவற்றை உள்ளே விட்டால் என்ன ஆகிறது என்று பார்க்க, என் ஊருக்குப் பக்கத்தில் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

2

மேலவளவு மதுரை மாவட்டத்தில், மேலூருக்கு அப்பால் உள்ள ஊர். 1992இல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தமும், அதைத் தொடர்ந்து 1994இல் வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் ஊராட்சித் தலைவர் பதவிகளில் ஒரு பகுதியைத் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கின. 1996 உள்ளாட்சித் தேர்தலில் மேலவளவு அப்படி ஒதுக்கப்பட்டது. முதலில் மனு போட்டவர்கள் மிரட்டலுக்குப் பிறகு வாபஸ் வாங்கிக்கொண்டார்கள், தேர்தல் நின்றது. மறுபடி வைத்தபோது வாக்குப்பதிவில் வன்முறை நடந்தது. கடைசியில் போலீஸ் காவலோடு நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று அவரும் வேறு சிலரும் மதுரையில் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய், எரிக்கப்பட்ட குடிசைகளுக்கான நிவாரணம் பற்றிக் கேட்டுவிட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஊரை நெருங்கும் இடத்தில் பேருந்து நின்றது. முருகேசனும் துணைத்தலைவர் மூக்கனும் உள்பட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். முருகேசனின் தலை தனியே எடுத்துச் செல்லப்பட்டு ஒரு கிணற்றில் போடப்பட்டது.

இந்த விவரங்களில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது கொலையில் அல்ல. கொலைக்கு முந்திய அந்த வாபஸில். மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வது ஒரு காகிதக் காரியம். அதற்கென்று ஒரு படிவம் உண்டு, கையெழுத்து உண்டு, தேதி உண்டு. அச்சம் அங்கே அரசாங்கக் கோப்பில் பதிவாகியிருக்கிறது. அதை ‘மனநிலை’ என்று சொல்வது எனக்கு அபத்தமாகப் படுகிறது. யாருடைய வயலில் நாளைக்குக் கூலி கிடைக்கும், யாருடைய வரப்பில் நடந்து தண்ணீருக்குப் போக வேண்டும், டீக்கடை யாருடையது, மேலூரிலிருந்து கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினால் இருட்டில் எந்தத் தெருவைக் கடக்க வேண்டும் — இவற்றின் மொத்தத்தை ஒரு மனிதன் போட்டுப் பார்த்துக் கிடைக்கும் விடைதான் நம் கிராமங்களில் அச்சம். கணக்குச் சரியாகவே இருக்கிறது. கணக்கில் வருகிற எண்களை மாற்றாமல் விடையை மட்டும் மாற்றச் சொல்வதுதான் ‘பயத்தை உதறு’ என்கிற உபதேசம்.

வாபஸ் வாங்கப்பட்ட மனுக்களுக்கும் குடிசைகளில் விழுந்த நெருப்புக்கும் பிறகு தேர்தலில் நின்ற முருகேசன் பயமற்றவராக இருந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். விடையைத் தெரிந்துகொண்டே அவர் எழுதினார். அவர் செய்ததை வீரம் என்று சொல்லி மாலை போடுவது சுலபம். அவர் நிவாரணம் கேட்கப் போய்த் திரும்புகிற வழியில் செத்தார் என்பதை மறந்துவிடக்கூடாது. ஒரு ஊராட்சித் தலைவரின் அலுவலகக் காரியம் அது. அச்சமின்மை இந்த அளவுக்குச் சாதாரணமான வேலைகளைச் செய்ய முடிவதுதான் என்று எனக்குப் படுகிறது: மனு கொடுப்பது, பஸ்ஸில் திரும்புவது, மறுநாள் ஊரில் இருப்பது. அதை ஒருவர் மட்டும் செய்து காட்டினால் போதாது. மற்றவர்கள் அவரைச் செய்யவிட வேண்டும்.

3

அடுத்தது மன்னிப்பு. வழக்கு சேலம் நீதிமன்றத்தில் நடந்தது. 2001இல் பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை. 2006இல் உயர்நீதிமன்றமும் 2009இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தன. இதற்கு நடுவிலேயே, 2008இல், அண்ணா நூற்றாண்டை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுள் கைதிகளை அரசு விடுதலை செய்தபோது இந்தப் பதினேழு பேரில் மூன்று பேர் வெளியே வந்தார்கள். 2019 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டிய முன்விடுதலையில், மிச்சமிருந்த பதின்மூன்று பேரும் வெளியே வந்தார்கள். (தர்மபுரியில் 2000இல் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவியர் மூவரைப் பஸ்ஸோடு எரித்த வழக்கில் தண்டிக்கப்பட்டவர்கள் 2018இல் வெளியே வந்ததும் அதே நூற்றாண்டின் பெயரில்தான்.) ஒரு நூற்றாண்டு ஒரு கட்சிக்கு, மற்றது மற்றக் கட்சிக்கு. செத்தவர்களின் வீட்டாருக்கு இரண்டிலும் இடம் இல்லை. 2019 விடுதலையை எதிர்த்து நீதிமன்றம் போனபோதுதான் அவர்கள் தரப்புக் குரல் கேட்டது.

அரசியல் சட்டத்தின் 161ஆவது ஷரத்து ஆளுநருக்கு — அதாவது நடைமுறையில் மாநில அரசுக்கு — தண்டனையைக் குறைக்கவும் நீக்கவும் அதிகாரம் தருகிறது. இந்த அதிகாரம் வேண்டும் என்பதே என் கட்சி. சிறையில் ஒரு மனிதன் செத்துத்தான் வெளியே வர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நீண்ட சிறைவாசம் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்கிறது என்றும் நம்பவில்லை. ஆனால் அரசு விட்டுக்கொடுத்தது அரசின் பாத்தியதையை மட்டும்தான். தண்டிப்பது அதன் உரிமை, தண்டிக்காமல் விடுவதும் அதன் உரிமை. மன்னிப்பு அதனிடம் இருந்ததே இல்லை. தாஸ்தயேவ்ஸ்கியின் இவான் கரமசோவ் இதை இன்னும் கொடூரமாகக் கேட்கிறான். தன் குழந்தையை நாய்களை ஏவிக் கொன்றவனை அந்தத் தாய் தழுவிக்கொள்ளலாமா? தன் துயரத்துக்காக வேண்டுமானால் அவள் மன்னிக்கட்டும். குழந்தை பட்ட வேதனைக்காக மன்னிக்க அவளுக்கு அதிகாரம் இல்லை என்கிறான். முருகேசன் பட்டதற்காக முருகேசனின் வீட்டார்கூட மன்னிக்க முடியாது என்றால், கோட்டையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர் எங்கே நிற்கிறார்?

என் பிழைப்பு எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரு வித்தியாசத்தை இங்கே உபயோகிக்கிறேன். வங்கியில் வாராக் கடனை இரண்டு விதமாக முடிப்பார்கள். ஒன்று, கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுவது — ரைட் ஆஃப். வராது என்று தெரிந்த தொகையை ஆஸ்தியாகக் காட்டிக்கொண்டிருப்பது பொய்க் கணக்கு. அதனால் நஷ்டத்துக்கு ஒதுக்கீடு செய்துவிட்டு அதை எடுத்துவிடுகிறார்கள். கடன்காரன் கடன்காரனாகவே இருக்கிறான். வசூலிக்கும் உரிமையும் அப்படியே இருக்கிறது. வங்கியின் புத்தகம்தான் சுத்தமாகிறது. மற்றது தள்ளுபடி. அதில் கடனே இல்லாமல் போகிறது. செய்தித்தாள்கள் இரண்டையும் குழப்புகின்றன. ‘உனக்காக மன்னித்துவிடு’ என்கிற ஆலோசனையும் இதே குழப்பத்தைச் செய்கிறது. தினமும் அந்த முகத்தை நினைத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று ஒருவர் தீர்மானிக்கலாம். அது ரைட் ஆஃப். அதை அவர் தனியாக, எதிராளி வராமலே செய்துகொள்ள முடியும். அது நல்லதும்கூட. மன்னிப்பு தள்ளுபடியின் பக்கத்தில் இருக்கிற காரியம். கடன் கொடுத்தவனைத் தவிர வேறு யாரும் அதைச் செய்ய முடியாது. 2008இல் மத்திய அரசு விவசாயக் கடன்களைத் தள்ளுபடி செய்தபோதுகூட அந்தத் தொகையை வங்கிகளுக்கு அது கொடுத்தே தீர வேண்டியிருந்தது. அடுத்தவன் பணத்தை யாரும் சும்மா மன்னிக்க முடியாது. அடுத்தவன் சாவை மட்டும் மன்னித்துவிடலாம் போலிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. காலவரையறைச் சட்டப்படி, சாதாரணமாகக் கடனுக்கு மூன்று வருஷம் ஆயுள். அதற்குள் கடன்காரனிடம் ‘பாக்கி உண்டு’ என்று ஒப்புக்கொள்ளும் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருஷம். வாங்காவிட்டால் வழக்குப் போடும் உரிமை செத்துப்போகிறது. இந்தக் கையெழுத்துக்காகக் கிராமம் கிராமமாகப் போனவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பணம் கட்டக்கூடச் சம்மதிப்பார்கள். கையெழுத்துக்கு அவ்வளவு சுலபத்தில் இறங்க மாட்டார்கள். ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: ‘வாங்குனது வாஸ்தவம்தான் தம்பி. ஆனா எழுதித் தர மாட்டேன்.’ தனக்குத் தெரிந்த உண்மையை எதிராளி முன்னிலையில் தன் கைப்பட எழுதுவது மனிதனுக்குப் பணத்தைவிடக் கஷ்டமாக இருக்கிறது. மேலவளவில் இல்லாமல் போனது இந்தக் கையெழுத்துத்தான் என்று நினைக்கிறேன். நீதிமன்றம் குற்றத்தை நிரூபித்தது; சிறை தண்டனையை எடுத்துக்கொண்டது; அரசு தண்டனையைக் குறைத்தது. இத்தனை ஆண்டுகளில், நாங்கள் செய்தது தவறு என்று செத்தவர்களின் வீட்டாரிடம் சொல்ல வேண்டிய அவசியம் எந்தக் கட்டத்திலும் யாருக்கும் ஏற்படுத்தப்படவில்லை. விடுதலைக்கு அது நிபந்தனையாக இல்லை. ஒப்புக்கொள்ளாத கடன் காலாவதியாகிறதைப் போலக் கொலையும் காலாவதியாகிவிடும் என்று எல்லோரும் காத்திருந்த மாதிரி இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் குறைந்தபட்சம் இதை ஒரு விலையாக வைத்துப் பார்த்தார்கள். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன், தன் அரசியல் குற்றத்தை முழுமையாகச் சொன்னவனுக்குத்தான் பொதுமன்னிப்பு. வருத்தப்பட வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை; சொன்னால் போதும். அதுவும் எல்லோருக்கும் சம்மதமாக இருக்கவில்லை. 1977இல் போலீஸ் காவலில் செத்த ஸ்டீவ் பிகோவின் குடும்பத்தார், எங்களுக்குரிய நீதியை விட்டுக்கொடுக்க நீங்கள் யார் என்று அரசியல் சட்ட நீதிமன்றத்துக்குப் போனார்கள், 1996இல் தோற்றார்கள். ஆனால் பிகோவை விசாரித்த போலீஸ்காரர்கள் பிறகு ஆணையத்தின் முன் வந்து அது ஒரு தள்ளுமுள்ளில் நேர்ந்த விபத்து என்கிற பாணியில் சொன்னபோது, 1999இல் அவர்களுக்கு மன்னிப்பு மறுக்கப்பட்டது. நம் நூற்றாண்டு விழாக்கள் இந்த அளவுக்குக்கூடக் கேட்கவில்லை.

4

அரசை விட்டுவிட்டு நம் மரபில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். மதுரையைப் பற்றிப் பேசும்போது கண்ணகியைத் தாண்டிப் போக முடியாது. மன்னிக்காததன் பெரிய பிம்பம் அவள் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். சிலப்பதிகாரம் அத்தனை சுலபமானதல்ல. பாண்டியன் தன் தவறு நிரூபணமான அந்தக் கணத்தில் நானே கள்வன் என்று ஏற்றுக்கொண்டு உயிரை விடுகிறான். கையெழுத்து அந்த இடத்திலேயே, அந்த நிமிஷத்திலேயே கிடைத்துவிடுகிறது. கண்ணகி அப்போதும் மன்னிப்பதில்லை, நகரம் எரிகிறது. மன்னிப்பு வருகிற இடம் பின்னால் இருக்கிறது, வஞ்சிக் காண்டத்தில். செங்குட்டுவன் எடுத்த கோயிலில் தெய்வ உருவில் தோன்றும் கண்ணகி, பாண்டியன் மேல் குற்றமில்லை, நான் அவன் மகள் என்கிறாள். இந்த இடத்தை நம் விமர்சகர்கள் மூவேந்தர் ஒற்றுமை என்று அரசியலாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு இது மனோதத்துவ ரீதியாகச் சரியாகப் படுகிறது. மதுரைத் தெருவில், ஒற்றைச் சிலம்போடு, அந்நிய ஊரில் நின்ற பெண்ணால் அதைச் சொல்லியிருக்க முடியாது. இனி யாரும் தன்னை ஒன்றும் செய்ய முடியாது என்ற நிலைக்கு வந்த பிறகே அவளிடமிருந்து அந்த வார்த்தை வருகிறது. எதிராளி ஒப்புக்கொண்டது முதலில், அவள் அச்சத்துக்கு அப்பால் போனது இரண்டாவது, மன்னிப்பு மூன்றாவது. காவியம் இந்த வரிசையை மாற்றவில்லை.

அதே காவியத்தின் உரைபெறு கட்டுரையில் இன்னொரு செய்தி இருக்கிறது. பாண்டிய நாட்டில் மழை பொய்த்து நோய் வந்தபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்து அவளைச் சாந்தி செய்தான். பொய் சொன்ன கொல்லன் ஒருவன். செத்தவர்கள் ஆயிரம் பேர். பயந்துபோன அதிகாரம் செய்கிற பிராயச்சித்தம் இப்படித்தான் இருக்கும். அது தன்னைத் தவிர வேறு ஒரு சாதியின் மேல் போய் விழும்.

நாட்டார் தெய்வங்களின் கதைகளிலும் அடிநாதம் இதுவே. அநியாயமாகக் கொல்லப்பட்டவன் ஆவியாகி ஊரைப் பிடிக்கிறான். கொன்றவர்கள் நடுங்கிப்போய்ப் பீடம் போட்டுப் படையல் வைக்கிறார்கள். கதைப்பாடலில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரனுக்கு மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கு வாசலில் இடம் கிடைத்தது அப்படித்தான். இந்த ஏற்பாட்டை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதற்கு முன்னால் அதில் ஒரு நீதிக் கணக்கு இருப்பதைக் கவனிக்க வேண்டும். இறந்தவனுக்குப் பதில் பேசும் சக்தி அதில் உண்டு. அச்சம் கொன்றவன் பக்கம் இடம் மாறுகிறது. வருஷத்துக்கு ஒரு தரமாவது அவன் அந்தப் பீடத்தின் முன் வந்து நிற்கிறான். ஒரு விதத்தில் அதுவும் ஒப்புதல் கடிதமே. ஆனால் அந்த ஏற்பாடு கொன்றவனின் பயத்துக்குத்தான் வைத்தியம் செய்தது. கொல்லப்பட்டவனின் பெண்டு பிள்ளைகள் பழைய இடத்திலேயே, பழைய பயத்தோடு, தங்கள் ஆள் சாமியாகிவிட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேலவளவில் அதுவும் நடக்கவில்லை. அங்கே செத்தவர்களுக்கு எழுந்திருப்பது பீடமல்ல, நினைவிடம். விடுதலைக் களம் என்று அதற்குப் பெயர். ஜூன் 30 அன்று அங்கே வந்து நிற்பவர்கள் கொன்றவர்களின் சனங்கள் அல்ல.

5

இதுவரை சொன்னதை மறுத்து ஒருவர் இப்படிக் கேட்கலாம்: ஒப்புதல் வரும்வரை, அச்சம் நீங்கும்வரை மனம் ஆறக்கூடாது என்கிறாயா? வரவே வராவிட்டால் காயம்பட்டவன் காலம் முழுதும் எதிராளியின் வாயைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமா? நியாயமான கேள்வி. ஷான் அமெரி அப்படி இருந்து பார்த்தவர். நாஜிகளிடம் சித்திரவதைப்பட்டு ஆஷ்விட்ஸிலிருந்து மீண்டவர். 1966இல் வந்த தன் கட்டுரைகளில், காலம் ஆற்றிவிடும் என்பது உயிரியல் உண்மையாக இருக்கலாம், தார்மீக உண்மையல்ல என்று வாதிட்டார். குற்றம் செய்தவனும் அது நடக்காமல் இருந்திருக்கக்கூடாதா என்று ஏங்குகிற நிலைக்கு வர வேண்டும். அதுவரை தன் வன்மத்தை வைத்துக்கொள்வது தன் உரிமை என்றார். 1978இல் தற்கொலை செய்துகொண்டார். அந்த முடிவை அவருடைய வாதத்துக்குப் பதிலாக யாரும் காட்டக்கூடாது. அந்த வாதத்தோடு வாழ்வது எத்தனை கஷ்டம் என்பதை நான் மறைக்கவும் விரும்பவில்லை.

எதிர்ப்பக்கத்தில் கிளாடிஸ் ஸ்டெய்ன்ஸ் இருக்கிறார். 1999 ஜனவரியில் ஒரிஸாவின் மனோகர்பூரில் அவர் கணவரையும் இரண்டு சிறு பையன்களையும் வண்டியோடு எரித்தார்கள். யாரும் கேட்டுக்கொள்ளாமலே, யாரும் ஒப்புக்கொள்ளாமலே அவர் மன்னித்தார். பிறகும் பல ஆண்டுகள் பாரிபதாவில் தங்கித் தொழுநோயாளிகளின் இல்லத்தைப் பார்த்துக்கொண்டார். தன் மன்னிப்பு வேறு, சட்டம் தன் வேலையைச் செய்வது வேறு என்பதில் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை. அவருடையது மெய்யான மன்னிப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்கு அவருடைய விசுவாசம் காரணம் என்பார்கள். இருக்கலாம். நான் கவனிப்பது இன்னொன்றை. அவரை யாரும் மன்னிக்கச் சொல்லவில்லை. மன்னிக்காவிட்டால் நாளைக்கு உனக்குக் கூலி இல்லை, பாதை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அவர் ஊரைவிட்டுப் போயிருக்கலாம். போகாமல் இருந்தார். இரண்டும் முடிகிற இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததால்தான் அது மன்னிப்பு.

நம் பக்கத்தில் இந்த இரண்டும் முடிகிற இடம் எத்தனை பேருக்கு இருக்கிறது? சாதித் தகராறு நடந்த ஊருக்குத் தாசில்தார் வந்து சமாதானக் கமிட்டி போடுகிறார். நடந்தது நடந்துவிட்டது, இனிமேல் அண்ணன் தம்பியாக இருங்கள், கொடுத்த புகாரை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். மறுபடியும் வாபஸ். அடிபட்டவர்கள் தலையாட்டுகிறார்கள். அதிகாரி அதை மன்னிப்பு என்று எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறுகிறார். அந்தத் தலையாட்டலில் இருப்பது மன்னிப்பா, பழைய பொறுத்தலா என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரே வழிதான் தெரிகிறது: மாட்டேன் என்று அவர்கள் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பது. ஒன்றும் ஆகியிருக்காது என்றால் மன்னிப்பு. ஏதாவது ஆகியிருக்கும் என்றால் அது பயத்தின் இன்னொரு கையெழுத்து. அப்படிப்பட்ட ‘மன்னிப்பு’ மனதை ஆற்றுவதில்லை. காயத்தின் மேல் இன்னொரு அவமானத்தைச் சேர்க்கிறது. தன்னை அடித்தவனுக்குத் தானே நற்சான்று கொடுத்த அவமானம்.

உத்தப்புரத்தை இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். மதுரை மாவட்டத்திலேயே, 1989இல், தலித் தெருக்களை ஒதுக்கி எழுப்பிய சுவர் அங்கே பத்தொன்பது ஆண்டுகள் நின்றது. 2008 மே மாதம் மாவட்ட நிர்வாகம் அதில் ஒரு பகுதியை இடித்தது. இடித்ததை எதிர்த்து மற்றத் தரப்பார் ஊரைவிட்டுப் போய் மலையடிவாரத்தில் உட்கார்ந்தார்கள். 2011 அக்டோபரில் இரு தரப்புக்கும் எழுத்து மூலமான உடன்படிக்கை ஏற்பட்டது; நவம்பரில் தலித் மக்கள் முத்தாலம்மன் கோயிலுக்குள் போனார்கள். அதற்குப் பிறகும் சச்சரவுகள் வந்தன. இதை நல்லிணக்கத்தின் வெற்றி என்று சித்திரிக்க எனக்கு உத்தேசமில்லை. ஆனால் அங்கே காரியங்கள் நடந்த வரிசையைப் பார்க்கிறேன். சுவர் முதலில் போயிற்று. பாதை வந்தது. கையெழுத்து வந்தது. மனம் ஆறுவது பற்றி யாரும் யாருக்கும் போதிப்பதற்கு முன்னால் இத்தனையும் நடக்க வேண்டியிருந்தது. ஒரு பாதையில் தினமும் நடந்து போய்த் தினமும் ஒன்றும் ஆகாமல் திரும்பி வருகிறவனுக்கு, அவன் அறியாமலே, உள்ளே ஏதோ தளர்கிறது. அச்சம் நீங்குவது என்று நான் சொல்வது அதைத்தான். அது வெளியே ஆரம்பித்து உள்ளே போகிறது. உள்ளேயிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறவர்கள் சுவருக்கு எந்தப் பக்கம் குடியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

எழுதுகிற நமக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. நம் கவிதையில் ‘மன்னிப்பு’ என்ற சொல் வரும்போது பெரும்பாலும் அது கடவுளை, காதலியை, இல்லாவிட்டால் இறந்துபோன தகப்பனை நோக்கிப் போகிறது. கேட்கிறவனும் கொடுக்கிறவனும் ஒரே ஜாதி. அங்கே அச்சத்துக்கு வேலை இல்லாததால் அந்தச் சொல் விலை இல்லாமல் கிடைக்கிறது. அதனால் பாதிக்கப்பட்டவனின் கோபத்தைக் கண்டால் நமக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது; அது கலையாகவில்லை, இன்னும் அடங்கவில்லை என்கிறோம். அடங்குதல் ஒரு அழகியல் குணம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் செல்லுபடியாகாத இடத்தில் கோபம் அடங்கினால் என்ன, அடங்காவிட்டால் என்ன என்று கேட்ட வள்ளுவரின் அலட்சியம், விமர்சகனான எனக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டதாகவே படுகிறது. அந்தக் கோபம் எந்த இடத்திலிருந்து பேசுகிறது, அந்த இடத்தில் அது செல்லுபடியாகுமா என்று பார்க்காமல் அதன் தொனியை மட்டும் நிறுத்துப் பார்ப்பது தாசில்தார் வேலை.

மன்னிப்பினால் மனம் ஆறும் என்பது உண்மையாகவே இருக்கட்டும். அந்த உண்மையைக் காயப்பட்டவரே ஒரு நாள் கண்டுபிடித்துச் சொல்லலாம், நாம் சொல்லக்கூடாது. நாம் செய்யக்கூடியது அதற்கு முந்திய, இன்னும் சாதாரணமான காரியங்களை: பாதை, பஸ், வேட்புமனு, ஒப்புதல். இவை நடந்த பிறகு மேலவளவில் ஒருவர் மன்னிக்கலாம். மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லலாம். இரண்டாவதைச் சொல்லிவிட்டு அவர் மறுநாள் காலை மேலூருக்கு பஸ் ஏறி, வேலையை முடித்துக்கொண்டு, இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்து சேர முடிந்தால், அவர் மனம் ஆறத் தொடங்கிவிட்டது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.